ஐஸ் பெட்டியும் இரண்டாவது காதும்

என் அக்கா வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஆகாது. அவர்களுடைய மூத்த மகளுக்குக் காது குத்திய அன்று நான் தாய்மாமன் சீராகக் கொண்டுபோன ஐஸ்கிரீம், பந்திக்கு முன்பே பாலாக ஓடியது. அதை மச்சான் இத்தனை வருஷமாகப் பார்க்கிற இடத்தில் எல்லாம் சொல்லிக்காட்டுவார். "மாப்ள சீரு கொண்டாந்தான், ஸ்ட்ரா போட்டுல்ல குடிச்சோம்!" சிரிக்கிறவர்களோடு நானும் சிரித்துவைப்பேன். வீட்டுக்கு வந்து பல்லைக் கடிப்பேன்.

போன சித்திரையில் சின்னவளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். கன்னிவாடியைத் தாண்டி மலையடிவாரத்தில் அவர்களுடைய குலசாமி கோயில். கரண்டு கிடையாது, நாலு புளியமரம்தான் நிழல். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மச்சான் போனில் சொன்னார்: "இந்தத் தடவையும் ஒழுகுச்சுன்னா என் பிள்ளைய என் மடியிலயே வச்சுக் குத்திக்கிறேன். மாமன் மடி ஒண்ணும் வானத்துல இருந்து எறங்கல."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஐஸைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க அவர் யார்? கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் திண்டுக்கல்லில் ஒரு குச்சி ஐஸ் கம்பெனியில் கிடந்தவன் நான். பாலும் சேமியாவும் ஊற்றிய அச்சுகளை உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இறக்குவோம். "வெறும் ஐஸு சோம்பேறிலே, உப்பு போட்டாத்தான் வேல பாக்கும்" என்பார் முதலாளி. மிஷின் வருவதற்கு வெகு காலம் முன்பும் இதே வித்தைதான். மரவாளியில் ஐஸும் உப்பும், நடுவில் பால் டப்பா, தோள்பட்டை கழன்றுபோகிற வரை சுற்ற வேண்டும். உப்பு இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் என்ற பண்டமே பிறந்திருக்காது என்று கோயிலுக்குப் போகிற வேனில் இருந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போனேன்.

"பேசிப் பேசியே சூடாக்கிராதீக" என்றாள் என் மனைவி.

தெர்மோகோல் பெட்டியில் கப்புகளைப் புதைத்து, உடைத்த ஐஸை நிரப்பி, கல்லுப்பைத் தாராளமாகக் கொட்டியிருந்தேன். கோயிலில் இறங்கியதும் ஒரு கப்பை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. அதை மச்சான் கையில் வைத்தேன். அவரும் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் போட்டார்.

சின்னவளை மடியில் வைத்தேன். ஆசாரி இடது காதைக் குத்தினார். மலை அதிர அலறினாள். "அழாத தங்கம், மாமா ஐஸ்கிரீம் தாரேன்" என்று ஒரு கப்பைத் திறந்து, கரண்டி நிறைய வாயில் வைத்தேன். அழுகையை நிறுத்திச் சப்பினாள். பிறகு அதை என் புதுச்சட்டையில் துப்பிவிட்டு, முன்னைவிடப் பெரிதாக அலறினாள்.

நான் கரண்டியை நக்கிப் பார்த்தேன். உப்பு. கம்பெனித் தொட்டியில் அச்சுகள் நிமிர்ந்து நிற்கும், விளிம்பு தண்ணீருக்கு மேலே இருக்கும். நானோ காகித மூடி போட்ட கப்புகளை ஐஸுக்குள் புதைத்துவிட்டேன். உருகிய உப்புத்தண்ணீர் மூடி வழியாக இறங்கியிருக்கிறது.

மச்சான் ஒரு கப்பைத் திறந்து, எல்லாரும் பார்க்க நிதானமாக ஒரு வாய் தின்றார். "நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஒரு எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சா சோத்துக்கு வெஞ்சனமாத் தொட்டுக்கலாம்."

கூட்டம் சிரித்தது. அதற்குள் பிள்ளை என் மடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் கை நீட்டினால் உதைத்தாள். அவர் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "குத்துங்க ஆசாரி."

ஆசாரி ஊசியைக் கீழே வைத்தார். "மாமன் சொல்லாம நான் குத்த மாட்டேன்யா."

அக்கா என்னைப் பார்த்தாள். முகூர்த்தம் முடியச் செத்த நேரம்தான் இருந்தது. முடியாது என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. "குத்துங்க" என்றேன். பெட்டியைக்கூட எடுக்காமல் வேனில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். "பாப்பாவுக்கு ஒரு காது சீழ் வச்சிருச்சுடா தம்பி. காய்ச்சலா இருக்கு."

"எந்தக் காது? ரெண்டாவது குத்துனதா?" என்றேன்.

அக்கா போனை வைத்துவிட்டாள்.