இரண்டு எம்.பி.மாரும் ஒரு பிள்ளைக் காம்பராவும்

வேனுக்குள் எப்போதும் தைல வாசனை அடிக்கும்...

எங்கள் எம்.பி. ஐயா மலையில் பிறந்தவர்தான். ஆனால் கினிகத்தேனை வளைவு வந்தால் மூக்கில் தைலம், மடியில் பொலித்தீன் பை! மேடையில் எதிர்க்கட்சியைக் கிழிகிழி என்று கிழிக்கிற மனிதர், பின் சீட்டில் பச்சைப்பிள்ளை மாதிரி சுருண்டு கிடப்பார்.

நான் அவருடைய டிரைவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது, ஸ்டியரிங் பிடித்துக்கொண்டது.

அப்போது நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வள்ளி என்று ஒரு தங்கச்சி. (பெயரை மாற்றிவிட்டேன்.) வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவள். அவளுக்கு எச்.ஐ.வி. இருந்தது. மருந்து எடுத்துக்கொண்டு தெம்பாகத்தான் இருந்தாள். ஆனால் சேதி லயத்து வரிசை வீடுகளில் பரவியதும், அவளுடைய மூன்று வயது மகளை, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வைத்திருக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். பிள்ளையை விட இடமில்லாமல் எப்படிக் கொழுந்தெடுக்கப் போவாள்?

எங்கள் ஐயாவிடம் வந்து அழுதாள். "பாக்குறேம்மா" என்றார். மற்றக் கட்சி எம்.பி.யிடமும் போனாள். அவரும் "பாக்குறேம்மா."

முதலில் வாய் திறந்தால் மற்றவர் அதை வைத்தே வோட்டுப் பிடிப்பார் என்று இருவருக்கும் பயம்.

வேடிக்கை என்ன தெரியுமா? அதற்கு முந்தின மாதம்தான் கொழும்பில், எல்லாக் கட்சி எம்.பி.மாரும் கூடிய கூட்டத்தில், இந்த நோய் உள்ளவர்களை ஒதுக்கக் கூடாது என்று இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கை தூக்கியிருந்தார்கள்!

எனக்கு வாய் சும்மா இருக்குமா... வளைவில் வைத்துக் கேட்டேன்.

"ஐயா, கொழும்புல தூக்குன கை மலையேறுனா எறங்கிருதே... அதுக்கும் தைலம் இருக்குங்களா?"

கண்ணாடியில் முறைத்தார். ஹட்டன் வந்ததும் மெதுவாக, "அந்த எம்.பி.யோட டிரைவர் நசீருக்குப் போன் போடு. அவங்க ஐயா இருக்காரான்னு கேளு."

இரண்டு நாள் கழித்து இரண்டு வண்டியும் ஒன்றாகப் போய்ப் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்றன. தோட்டமே வாயைப் பிளந்தது. இரு கட்சியின் தொழிற்சங்கத் தலைவர்மாரும் ஆளுக்கொரு மாலையோடு ஓடி வந்தார்கள்.

"மாலைய வைங்க. இந்தப் புள்ளைய வேணாம்னு மொதல்ல சொன்னது யாரு?" என்றார் எங்கள் ஐயா.

எங்கள் கட்சிச் சங்கத் தலைவர் மற்றச் சங்கத் தலைவரைக் காட்டினார். "அவங்க பெட்டிசன் குடுக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டோம்ங்க. நாம பிந்தினா சங்கத்துக்கு அசிங்கமில்லீங்களா?"

"அடப்பாவி! நீங்க குடுக்கப் போறீங்கன்னுதானே நாங்க ஓடிப்போய்க் குடுத்தோம்!"

யாருமே தொடங்காத பெட்டிசன்... இரண்டு!

ஒரு தாய் மட்டும் தயங்கிக் கேட்டாள். "ஒட்டிக்கிராதுங்களா?"

மற்ற எம்.பி. சொன்னார். "நானும் பயந்தவன்தாம்மா. டாக்டர்மாரு சொல்லித்தான் தெரிஞ்சுகிட்டேன். கூட வெளாண்டா, ஒரே கோப்பையில குடிச்சா ஒட்டாது."

பிள்ளையைச் சேர்க்கலாம் என்று இரு சங்கமும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். உடனே சண்டை, யார் கையெழுத்து மேலே என்று!

"வட்டமா ஒரு கோட்டப் போட்டு சுத்திப் போடுங்க தலைவரே. வட்டத்துக்கு ஏது மேல கீழ?" என்றேன். எம்.பி.மார் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவர்மாரோடு சேர்ந்து அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

வள்ளி இடுப்பிலிருந்து பிள்ளையை இறக்கி விட்டாள். கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை... பார்த்திருந்தால் அழுதிருப்பாள்.

இப்போது அவர்கள் இருவரும் பதவியில் இல்லை. புதியவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு செல்ஃபி எடுத்துப் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் சண்டைக்காரர் இரண்டு பேர் ஒரு பிள்ளைக்காக ஒன்றாக லயத்துக்கு வந்ததைப் பார்த்த கண்ணுக்கு அது கொஞ்சம் சப்பென்று இருக்கிறது...

வள்ளி இன்றும் கொழுந்தெடுக்கிறாள். மகள் டவுனில் ஒரு போன் கடையில் வேலை. போன வாரம் ரீலோட் போடப் போனபோது, பிள்ளைக் காம்பரா ஞாபகம் இருக்கிறதா என்று சும்மா கேட்டேன்.

"மறக்குமா மாமா? பகல்ல தூங்காட்டி அந்த ஆயா வரிசையா எல்லாப் புள்ளை தொடையிலயும் கிள்ளிக்கிட்டே வரும். என்னையும் விடல!"