சிங்கத்தின் நெஞ்சோடு ஒரு புள்ளிமான்

வேலைக்கான நேர்காணலில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "செத்த விலங்குகளைப் பாடம் செய்யத் தெரியுமா?" என்று துறைத் தலைவி கேட்டதும், "மான்கூடச் செய்வேன் மேடம்" என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் பாடம் செய்தது ஒரே ஒரு அணில். அதற்கும் வால் தனியாகக் கையோடு வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில், அலிப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறைக்குள் இப்படித்தான் நுழைந்தேன். முதல் வருஷம் தற்காலிகம், மேடம் நல்லபடியாக எழுதினால் நிரந்தரம். வருஷம் முடியப்போகும் மழைக்காலத்தில் வனத்துறையிலிருந்து ஒரு சாக்கு வந்தது. திருட்டுத்தனமாகச் சுடப்பட்ட ஆண் புள்ளிமான். வழக்கு முடிந்து, உப்புப் போட்ட தோலும் கொம்பும் எங்கள் மியூசியத்துக்கு வந்திருந்தன. மேடம் சாக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மான்கூடச் செய்வேன்னீங்களே, செய்யுங்க. அதைப் பாத்துட்டுத்தான் உங்களைப் பத்தி எழுதுவேன்."

சாக்கை மேஜைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

தோல் வேலை ஒருவாறு கைக்கு வந்தது. ஊறவைத்து, உதட்டோரத்தையும் கண்ணோரத்தையும் கத்தியால் சுரண்டி மெல்லிசாக்கி, காதுகளைத் தலையணை உறைபோல உள்வெளியாகத் திருப்பி, படிகாரத் தண்ணீரில் போட்டேன். முன்தோளில் குண்டு துளைத்த ஓட்டையைத் தைத்து, ரோமத்தைச் சீவி மறைத்துவிடலாம் என்று தெம்பாக இருந்தேன். சிக்கலெல்லாம் தோலுக்குள்ளே வைக்கிற உடம்பில்தான். வைக்கோலை எப்படிச் சுற்றினாலும் அது மானாகாமல் மெத்தையாகவே வந்தது.

"எதுக்குக் கெடந்து மல்லாடுறே? கீழ் வீட்டுக்காரர் வைக்கோல்லதானே சாமியே கட்டுறார், அவரைக் கேளேன்" என்றார் என் கணவர்.

காளிகாட் சந்தில் நாங்கள் குடியிருந்த மாடிக்குக் கீழேதான் துர்க்கை சிலை செய்பவரின் பட்டறை. அளவையெல்லாம் கொடுத்தேன். "கவலைப்படாதீங்க தீதி, நாலு கால்தானே?" என்றார். பூஜைக்கு முந்தைய நெருக்கடி, பட்டறை முழுக்கத் தலையில்லாத தேவிகள். குறுக்கே போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவர் கட்டிய வைக்கோல் உடம்பைக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சைக்கிள் வேனில் ஏற்றும்போதே ஏதோ உறுத்தியது. நெஞ்சைத் தள்ளிக்கொண்டு, கழுத்தை விறைத்துக்கொண்டு, முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நின்றது என் மான். வழியில் டீக்கடையில் நின்ற ஒருவர் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "அம்மா பின்னாடி வண்டியில வர்றாங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. கீழ் வீட்டுக்காரர் துர்க்கையின் சிங்கத்தைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். அளவு மட்டும்தான் மான்.

வேறு கட்ட நேரமில்லை. அந்தப் புழுக்கத்தில் ஈரத்தோலை இன்னும் வைத்திருந்தால் ரோமம் கொத்துக்கொத்தாக உதிர்ந்துவிடும். "நாலு காலாம், நாலு கால்!" என்று திட்டிக்கொண்டே போர்த்தித் தைத்தேன். அழுகை வேறு வந்தது. கண்ணாடிக் கண்களைப் பதித்ததும் அது என்னையே முறைத்தது. போதாக்குறைக்கு, நெஞ்சு புடைத்ததில் தையல் விரிந்து குண்டு ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. எத்தனை சீவியும் மறையவில்லை.

அன்று மாலை என்னைக் கூட்டிப்போக வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "மானுக்கு எதுக்குடி இவ்வளவு மொறைப்பு? சண்டைக்குக் கூப்புடுதே!"

மறுநாள் மேடம் வந்தார். பாதி ஆயுளைக் காட்டில் கழித்தவர், அவரிடம் கதை விட முடியாது. இருந்தாலும் ஆரம்பித்தேன். "இணைசேர்ற பருவத்துல, எதிரி மானைப் பாத்தா இப்படித்தான் மேடம்..."

"சும்மா இருங்க."

ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மறுபடி ஒரு சுற்று. பிறகு குண்டு ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தார்.

"காட்டுல நான் பாத்த மானெல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் ஓடியிருக்கு. இது சுட்டவனையே பாத்துக்கிட்டு நிக்குது."

நான் ஊசியையும் நூலையும் எடுத்தேன்.

"ஓட்டையை மூட வேண்டாம். இப்படியே இருக்கட்டும்."

"அப்ப என் வேலை, மேடம்?"

அவர் மானைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்களும் இருங்க" என்றார்.