இரண்டு ஜோடிச் செருப்பு

வார் அறுந்த செருப்போடு மாரெட்பள்ளியில் ஒரு செருப்புக் கடைக்குள் நுழைகிறேன். கடைக்காரர் இந்தத் தெலுங்கு ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். எனக்கு முன்னால் வந்த ஒரு பெண், வீங்கிய இடது காலை முந்தானையால் துடைத்துவிட்டுப் பத்தாம் நம்பர் செருப்புக்குள் நுழைக்கிறார். யானைக்கால். வலது காலுக்கு ஆறாம் நம்பர் போதும். இரண்டு ஜோடி வாங்க வேண்டியிருக்கிறது.

அவர் தெலுங்கில் சொல்வதைக் கடைக்காரர் எனக்குத் தமிழில் சொல்கிறார். "இவங்க ஊருக்குப் பெரிய கால்வாய் வந்துச்சு சார். முதல் தண்ணிக்கு மஞ்சள் குங்குமம் தூவிக் கும்பிட்டாங்களாம். இப்ப ரெண்டு போகம் விளையுது. ஆனா கசியற தண்ணி சாக்கடையோட சேர்ந்து வருஷம் பூரா நிக்குது. ஒரே கொசு. அது கடிச்சுத்தான் புழு ஆளுக்கு ஆள் பரவுது. வீடு வீடா மாத்திரை குடுத்தாங்க. கால் நல்லாத்தானே இருக்கு, நக்கோ, வேணாம்னு இவங்க அதைக் கால்வாய்லயே போட்டுட்டாங்க."

பெண் வலது காலுக்குச் சின்னதை மாட்டுகிறார். சின்ன இடதுசெருப்பும் பெரிய வலதுசெருப்பும் பலகையில் மிஞ்சிக் கிடக்கின்றன.

"இதை இனி யார் வாங்குவாங்க?" என்கிறேன்.

"அதுவும் இவங்க பையிலதான் போகுது சார். தங்கச்சிக்கு வலது கால்."