ஆணி அடித்த வருஷம்

1. செயின் அறுந்த காலை

மரம் அறுக்கிற மெஷினின் செயின் இரும்பில் மோதினால் ஒரு சத்தம் வரும். பல்லைக் கூசவைக்கும் சத்தம். சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் போகிற சாலையில், அகலப்படுத்துவதற்காகச் சாய்த்துப் போட்டிருந்த ஒரு புளியமரத்தைத் துண்டு போடும்போது அந்தச் சத்தம் வந்தது. பொறி பறந்தது. செயின் அறுந்து போய் வேலியில் விழுந்தது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை.

மரத்தை ஏலத்தில் எடுத்திருந்தவர் மங்கலம்பேட்டை காதர் பாய். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"டேய், பாத்து அறுக்கறதுக்கு என்னாடா? இது இந்த வாரத்துல மூணாவது செயினுடா!"

அறுத்தவர் வெட்டுவாய்க்குள் குனிந்து பார்த்தார். பட்டையிலிருந்து நாலு விரல் ஆழத்தில், மரத்துக்குள் மூடிப்போன ஒரு ஆணி. அதைச் சுற்றி மை கொட்டினாற்போல் கறுப்பு. ஆணித்தலையைச் சுற்றிக் கொஞ்சம் முடி. மெஷினை அப்படியே தரையில் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"பேயாணி, பாய். நான் இத தொட மாட்டேன்."

எங்கள் பக்கத்தில் இது தெரிந்த சங்கதிதான். பேய் பிடித்ததாகச் சொல்கிற பெண்ணை மரத்தடிக்குக் கூட்டி வந்து, உச்சி முடியை ஆணியில் சுற்றி மரத்தில் அறைந்து, தலையை வெடுக்கென்று இழுத்துவிடுவார்கள். முடி மரத்தோடு போய்விடும். முடியோடு பேயும் போய்விட்டதாகக் கணக்கு. நான் கடலூர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். எங்களிடம் ஆணி கிடையாதே தவிர, கோயில் கம்பத்தில் கட்டிப்போட்ட சித்தி ஒருத்தி எனக்கும் உண்டு. ஆகையால் யாரையும் பார்த்துச் சிரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அன்றைக்கு நான் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. சந்தோஷப்பட்டேன். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

சிதம்பரத்தில் ஒரு மர ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். மரத்தின் குறுக்கு வெட்டில் இருக்கிற வளையங்களை எண்ணி, அளந்து, எந்த வருஷம் மழை பெய்தது, எந்த வருஷம் பொய்த்தது, மரம் எவ்வளவு வளர்ந்தது என்று பார்ப்பது என் பிழைப்பு. சொந்தக்காரர்கள் "ஸ்டெல்லா மரத்துக்குக் கைரேகை பாக்குறா" என்பார்கள். கல்யாண வீடுகளில் இதை வைத்தே என்னை ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள்.

பனி கொட்டும் நாடுகளில் இந்த வேலை சுலபம். குளிரில் வருஷம் தவறாமல் மரம் வளர்ச்சியை நிறுத்தும்; ஒரு வளையம் என்றால் ஒரு வருஷம். நம் ஊரில் அப்படி நம்ப முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. கோடையில் எதிர்பாராமல் இரண்டு நல்ல மழை விழுந்தால், மரம் ஏமாந்துபோய் நடுவில் இன்னொரு கோடு போட்டுவிடும். அதற்கு ஃபால்ஸ் ரிங் என்று பெயர். தேக்கில் வளையம் தெளிவாக இருக்கும். புளியில் கோடு இருப்பதே சந்தேகம். ஆனால் நம் மாவட்டத்தில் பழைய தேக்குக்கு எங்கே போவது? சாலையோரப் புளியமரங்கள்தான் இருந்தன. அவையும் வரிசையாகச் சாய்ந்துகொண்டிருந்தன.

எங்கள் டைரக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஸ்டெல்லா, புளியில வருஷத்துக்கு ஒரு ரிங்தான்னு ப்ரூவ் பண்ணுங்க. இல்லன்னா இந்த ப்ராஜெக்ட இதோட மூடிடலாம்."

அதை நிரூபிக்க ஒரு வழி உண்டு. தேதி தெரிந்த ஒரு நாளில் பட்டைக்குள் ஊசி குத்திக் காயம் உண்டாக்க வேண்டும். பல வருஷம் கழித்து அறுத்து, காயத்துக்கு வெளியே எத்தனை வளையம் என்று எண்ண வேண்டும். எனக்குக் காத்திருக்கப் பொழுதில்லை. யாரோ எப்போதோ எனக்காக ஆணியே அடித்து வைத்திருந்தார்கள். அடித்த வருஷம் மட்டும் தெரிந்தால் போதும்.

"பாய், ஆணிக்கு மேலயும் கீழயும் அறுத்து, அந்த டிஸ்க எனக்குக் குடுத்துடுங்க."

"தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க மேடம். எனக்குப் பேயப் பத்திக் கவலையில்ல, செயின் வெலதான் கவல. இங்க கெடந்தா ஆளுங்க ஒருத்தனும் வேலைக்கி வரமாட்டான்."

அவரே வேறு செயின் மாட்டி அறுத்துக் கொடுத்தார்.

2. ஒயர் கூடையோடு ஒரு பெண்

அந்த ஆணி எந்த வருஷம் அடித்தது என்று டீக்கடையில் விசாரித்தேன். அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். யாருக்கு அடித்த ஆணி என்று ஊருக்கே தெரிந்திருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை. என் நம்பரையும் ஆய்வுக்கூட விலாசத்தையும் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன் வரவில்லை. மூன்றாம் நாள் ஆளே வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண், கையில் ஒயர் கூடை. ஆய்வுக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று நின்றார்.

"மேடம், எம்பேரு கொளஞ்சி. அந்த ஆணி எனக்கு அடிச்சது. கட்டைய வாங்கிக்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. நாற்காலியைப் போட்டேனே தவிர, என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

"அத வச்சிக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"பொதைக்கணும் மேடம். எம்மருமவ ரம்யாவுக்குப் புள்ள பொறந்து ரெண்டு மாசம் ஆவுது. தூங்க மாட்டங்குது. சோறு எறங்கல. புள்ளையத் தூக்குன்னா செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிது. 'எனக்கு வேணாம் அத்த, நீங்களே வச்சிக்கிங்க'ன்னு அழுவுது. இந்த நேரம் பாத்தா மரத்த அறுக்கணும்? ஆணி வெளிய வந்துடுச்சி, பேயி பழைய ஆள வுட்டுட்டு அந்த வூட்ல புதுசா இருக்கறவளப் புடிச்சிக்கிச்சின்னு ஊர்ல பேச்சு ஆயிப்போச்சி. வர்ற அமாவாசைக்கி அந்தப் பொண்ணுக்கு அடிக்கப் போறாங்க. ஏரிக்கரையில வேற மரம் பாத்தாச்சி."

"யார் பாத்தது?"

"எங்கூட்டுக்காரருதான். கட்டையக் கொண்டாந்து பொதச்சிட்டா, அடங்கிடுச்சின்னு சொல்லி அவர நிறுத்திப்புடலாம்னு பாக்கறேன்."

"உங்களுக்குப் பேய் நம்பிக்கை இருக்கா?"

கொளஞ்சி என்னைப் பார்த்த பார்வையில், படித்தவளின் கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்று புரிந்தது.

"எனக்கு என்னா புடிச்சிருந்துச்சின்னு எனக்குத் தெரியாதா மேடம்? மூத்தது பொறந்து ஒம்பதாம் நாளு செத்துப்போச்சி. அழுதுகிட்டே கெடந்தேன். அதுக்குப் பேருதான் பேயி."

கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அடிச்சவனக்கூட மறந்துட்டேன். எம்மாமியாள மறக்கல. அவுங்கதான் என் தோளப் புடிச்சி அழுத்திக்கிட்டு நின்னாங்க. காதுகிட்ட வந்து, 'அசையாத, அசஞ்சா ஜாஸ்தி வலிக்கும்'னு சொன்னாங்க. பொம்பளைக்கிப் பொம்பள வந்து தடுக்க வேணாமா? அவுங்க சாவுற வரைக்கும் அந்தக் கோவம் எனக்குப் போவல."

3. உப்புத்தாள்

டிஸ்க்கைக் கொடுத்தால் என் ப்ராஜெக்ட் போய்விடும். கொடுக்காவிட்டால் ஒரு பெண்ணின் முடிக்கு இன்னொரு ஆணி. கேட்பவர்களுக்குச் சுலபமாகத் தோன்றும். எனக்கு அந்தச் சமயத்தில் அவ்வளவு சுலபமாக இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஆறு மாதம் சாலையில் புழுதி தின்றிருந்தேன்.

"கொஞ்ச நேரம் இருங்க. தேய்ச்சு எண்ணிட்டுக் குடுத்துடறேன்" என்றேன்.

மர வட்டை அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். முதலில் முரடு, அப்புறம் நைசு, அப்புறம் அதைவிட நைசு. கண்ணாடி மாதிரி ஆன பிறகுதான் கோடுகள் எழும். கொளஞ்சி ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் ஒரு தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

லென்ஸை வைத்து, ஆணி உண்டாக்கிய வடுவிலிருந்து பட்டை வரை எண்ணினேன். முப்பத்து மூன்று.

"இல்ல மேடம். முப்பத்தொண்ணு. மூத்தது செத்த வருஷம் எனக்குத் தெரியாதா?"

எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஒவ்வொரு கோட்டையும் பென்சிலால் வட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இரண்டு கோடுகள் பாதி வழியில் காணாமல் போயின. உண்மையான வளையம் சுற்றி வந்து தன்னோடு சேரும். ஃபால்ஸ் ரிங் பல இடங்களில் கரைந்துவிடும். மிச்சம் முப்பத்தொன்று.

துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் ஒருவர் விடையைச் சொன்ன பிறகு அதே விடைக்கு வந்து சேர்வது நிரூபணம் ஆகாது. பிறகு, எதுவும் சொல்லாமல் இன்னொரு சக ஊழியரிடம் கொடுத்து எண்ணச் சொன்னேன். அவரும் முப்பத்தொன்று என்றார். இது பின்னால் நடந்தது.

அன்றைக்கு நான் நிமிர்ந்தபோது, கொளஞ்சியின் விரல் வேறு இடத்தில் இருந்தது.

"இது என்னா மேடம், இங்கயும் கறுப்பா இருக்குது?"

அவருடைய ஆணியைவிட உள்ளே, இன்னும் நாலு விரல் தள்ளி, அதே மைக்கறை. இரும்பு பட்டால் புளி கறுத்துவிடும். வேறு எதனாலும் மரம் அப்படிக் கறுக்காது. உளியால் கொஞ்சம் கிள்ளினேன். ஆணி. இப்போது கடையில் விற்கிற ஆணி இல்லை. கொல்லன் அடித்த சதுர ஆணி.

"இது எந்த வருஷம்?"

எண்ணினேன். இந்த முறை வட்டம் முழுக்கச் சுற்றி வந்து, ஒவ்வொன்றாக. இரண்டு ஆணிகளுக்கும் நடுவில் இருபத்தேழு வளையம்.

"உங்களுக்கு அடிக்கிறதுக்கு இருபத்தேழு வருஷம் முன்னாடி. இன்னைக்கிக் கணக்குக்கு அம்பத்தெட்டு வருஷம்."

கொளஞ்சி வாய்க்குள் எதையோ கூட்டினார்.

"எங்கூட்டுக்காரருக்கு இந்த ஆவணி வந்தா அம்பத்தெட்டு முடியுது."

பிறகு அவர் கை தானாக உச்சிக்குப் போனது. முடியை விலக்கிக் காட்டினார். எட்டணா அளவுக்கு வழுக்கை. அந்த இடத்தில் திரும்ப முடி முளைக்கவே இல்லை.

"கடைசி காலத்துல மாமியாளுக்கு நான்தான் தல குளிப்பாட்டுவேன். அவுங்களுக்கும் இதே எடத்துல இருக்கும். கேட்டா, சின்ன வயசுல கெணத்து மேட்டுல வுழுந்துட்டேன்னு சொல்லுவாங்க."

கொளஞ்சி அந்தச் சதுர ஆணியைத் தொட்டார்.

"அசஞ்சா ஜாஸ்தி வலிக்கும்னு சொன்னாங்களே" என்றார் கொளஞ்சி. "அவுங்களுக்கு எப்படித் தெரியும்னு நான் ஒருநாளும் நெனைக்கலியே, யக்கா."

அதற்கப்புறம் அழுதார். ஒயர் கூடையைக் கட்டிக்கொண்டு, வாய்விட்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

4. பாதி டிஸ்க்

புதைக்கிற பேச்சு அதோடு போனது. "இத அவருகிட்டக் காட்டணும்" என்றார். டிஸ்க்கை நடுவில் அறுத்தோம், ஆளுக்குப் பாதி. இரண்டு ஆணிகளும் தெரிகிற பாதியைக் கொளஞ்சிக்குக் கொடுத்தேன். எண்ணுவதற்கு வளையங்கள் இருந்தால் எனக்குப் போதும். கூடையில் அது அடங்கவில்லை. சாக்கில் சுற்றி, எங்கள் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு அவர் ஊருக்குப் போனோம்.

அவர் கணவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். உள் அறையில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ரம்யாவின் முதுகு தெரிந்தது. குழந்தை தூளியில் சிணுங்கியது. கொளஞ்சி சாக்கை அவிழ்த்து, கட்டையைக் கணவர் முன்னால் வைத்தார்.

"இவுங்க யாரு, எதுக்கு இத வூட்டுக்குள்ள கொண்டாந்த?" என்று அவர் எழப் போனார்.

"குந்துய்யா. இந்த ஆணி நானு. தெரியுமில்ல? உள்ள இருக்குது பாரு, இது ஒங்கம்மா. ஒன்னப் பெத்த வருஷம் அடிச்சது. மேடம் எண்ணிச் சொல்றாங்க, கேட்டுக்க."

அவர் என்னைப் பார்த்தார். வளையங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினேன். அவர் குனிந்து கூடவே எண்ணினார். உள் ஆணிக்கு வந்ததும், கட்டை விரலால் அதை மெல்லத் தடவினார்.

"அம்மாவுக்கா?" என்று கேட்டார். "கெணத்து மேட்டுல வுழுந்ததுன்னு..."

"எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க" என்றார் கொளஞ்சி. "இந்தக் கட்டையில மூணாவது ஆணிக்கு எடம் இல்ல. ஏரிக்கரையில பாத்து வச்சிருக்கியே, அந்த மரத்துலயும் இல்ல."

அவர் எழுந்து போய் உள் அறை வாசலில் நின்று ரம்யாவைப் பார்த்தார். அப்புறம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம், "மேடம், ஜீப்பு சிதம்பரந்தான போவுது? எம்மருமவள ஆசுபத்திரியில எறக்கி வுட்டுட முடியுங்களா?" என்றார்.

பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இப்படி வருவது உண்டு, மருந்து இருக்கிறது, கூட ஆள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கொளஞ்சி கூட இருந்தார்.

என் பாதி டிஸ்க்கால் ப்ராஜெக்ட் பிழைத்தது. அந்தச் சாலைப் புளியமரங்களில் ஒரு வருஷத்துக்கு ஒரு வளையம்தான், வட்டம் சுற்றிப் பார்த்து எண்ணினால். வெள்ளாற்றில் வெள்ளம் வந்த வருஷங்களில் அகலம், வானம் பொய்த்த வருஷங்களில் நூல் மாதிரி. அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் ஒன்று சொல்வேன்: மரத்தில் காயத்தைப் பார்த்தால், எந்த வருஷம் என்று கேட்கத்தான் நமக்குச் சம்பளம். யாருக்கு என்றும் கேளுங்கள். நான் அன்று டீக்கடையில் வருஷத்தை மட்டும்தான் கேட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்துக் கொளஞ்சி மருமகளோடும் பேரனோடும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ரம்யா நன்றாகத் தேறியிருந்தாள். இடுப்பில் இருந்த பையன் என் லென்ஸை வாயில் வைக்கப் பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த பாதி டிஸ்க்கை ரம்யா கிட்டப் போய்ப் பார்த்தாள். ஆணிகள் அதில் இல்லை. கறைகள் மட்டும் இருந்தன.

"இது நீங்க. இது ஒங்க மாமியா" என்று தொட்டுச் சொன்னாள். "இதுல நான் எங்க, அத்த?"

கொளஞ்சி தன் கறையில் விரலை வைத்தார். அங்கிருந்து பட்டை வரைக்கும், ஒவ்வொரு வளையமாக, மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தார். எங்கும் கறை இல்லை.

"நீ இதுல இல்லடி" என்றார்.