இப்போதைக்கு ஒரு கட்டுக்கம்பி

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து, என்ன உடைந்தது, எதனால் உடைந்தது என்று இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. இருபது வருஷமாக இதே வேலை. நசுங்கிய கதவைத் தடவிப் பார்த்தே எதிர்வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். பொய்யை வேறோர் இடத்தில் சொல்லிவிட்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மலையடிவாரத்தில் ஒரு சாகச விளையாட்டுப் பூங்காவை இழுத்து மூடியபோது அங்கே நின்றதுதான் அந்த வண்டி. ஜீப்பும் இல்லை, டிராக்டரும் இல்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். கதவு கிடையாது. தலைக்கு மேலே கூண்டு மாதிரி இரும்புக் குழாய், பின்னால் சாமான் போட ஒரு சின்னத் தொட்டி, நாலும் தடித்த டயர். காடுமேட்டில் ஓட்டுவதற்கென்றே வெளிநாட்டில் செய்தது, ஸ்டியரிங் இடது பக்கம். ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, விலை பேசி வாங்கிவிட்டேன்.

"கே.கே. நகர்ல மூணாவது மாடியில இருந்துக்கிட்டு இத எங்க நிப்பாட்டப் போறீக? மொட்ட மாடியிலயா?" என்றாள் மனைவி.

இடம் இருந்தது. பேரையூர்ப் பக்கம் அவளுடைய தம்பி பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற கரிசல் காடு. ஒரு மழை பெய்தால் போதும், அங்கே பைக் போகாது, உர மூட்டையைத் தலையில்தான் சுமக்க வேண்டும். வண்டியைக் குட்டியானை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் இறக்கினோம். மச்சினன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பச்சை நிறம், முன்னால் துருத்திய இரண்டு விளக்கு. "மச்சான், இது தவக்களை மாதிரியில்ல இருக்கு!" என்றான். அன்றிலிருந்து அதற்கு அதுவே பெயர்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு ஒரே தம்பி. முப்பது வயசு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. என் மகள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "காது குத்துக்கு எம் மடிதான், யாரும் போட்டிக்கு வரக் கூடாது" என்று நர்ஸிடமெல்லாம் சொன்னவன். போட்டிக்கு யார் வரப்போகிறார்கள்? தாய்மாமன் அவன் ஒருத்தன்தான். ஆனாலும் மகளுக்கு ஐந்து வயசு ஆகிறவரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமை தோறும் நானும் அவனும் அந்த வண்டிக்கு அடியில் கிடந்தோம். எலி வயரைக் கடித்துத் துப்பியிருந்தது. டாங்கிலிருந்த பழைய பெட்ரோல் பிசினாகிப் போயிருந்தது. ஒரிஜினல் பாகம் வேண்டுமென்றால் கடல் தாண்டி வர வேண்டும். அதனால் ஷேர் ஆட்டோவின் ஷாக் அப்சார்பரை வாங்கி, அது பொருந்துவதற்கு லேத்தில் கொடுத்து புஷ் கடைந்து மாட்டினோம். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு இழுக்கிற பெல்ட்டுக்கு மட்டும் மூன்று மாதம் அலைந்தேன். முதல் தடவை வண்டி உறுமியபோது இரண்டு பேரும் கிரீஸ் கையோடு கட்டிப்பிடித்துக் கொண்டோம். வெள்ளைச் சட்டை பாழாய்ப் போனதற்கு வீட்டில் வாங்கிய ஏச்சு தனிக்கதை. சும்மா சொல்லக் கூடாது, என் வாழ்க்கையில் நல்ல ஞாயிற்றுக்கிழமைகள் என்றால் அவைதாம்.

கடைசியாக முன்பக்கம் இடது சக்கரத்தின் டை ராடு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்புகிற தண்டு அது. அதன் முனையை மாற்றி நட்டை முறுக்கினேன். அந்த நட்டு தானாகக் கழலாமல் இருக்கக் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின் போட வேண்டும். கொண்டை ஊசி மாதிரி ஒரு சின்ன இரும்பு, அவ்வளவுதான். டப்பாவைத் தேடினேன், தீர்ந்து போயிருந்தது. மோட்டார் ரூம் மூலையில் கட்டடம் கட்டியபோது மிஞ்சிய கட்டுக்கம்பி கிடந்தது. அதை ஒரு துண்டு முறித்து ஓட்டையில் கோத்து முறுக்கிவிட்டேன்.

"மச்சான், பின்னு போட வேணாமா?" என்று கேட்டான்.

"இப்போதைக்கு இது போதும் மாப்ள. அடுத்த வாரம் வாங்கிட்டு வாரேன்."

இந்த 'இப்போதைக்கு' இருக்கிறதே, அதை நான் எத்தனை வண்டியில் பார்த்திருக்கிறேன்! எத்தனை டிரைவர்களை அதற்காகத் திட்டியிருக்கிறேன்! அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம். அதற்கடுத்த ஞாயிறு வெயில், சோம்பலில் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு போனேன். கோழிக்குழம்பு சாப்பிட்டேன், ஓடைக்கரை வரை வண்டியை ஓட்டினேன், சக்கரத்தைக் குனிந்துகூடப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காது குத்துக்கு மூன்று வாரம் இருந்தது. பத்திரிகை அடித்தாயிற்று, பாதி கொடுத்தும் ஆயிற்று. காட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற குலசாமி கோயிலில் பந்தல்காரரிடம் பேச நான் போயிருந்தேன். மனைவி மச்சினன் வீட்டில் இருந்தாள். லீவில் வந்திருந்த மகளை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு அவன் பருத்திக்காட்டைச் சுற்றப் போயிருக்கிறான். போன் வந்ததும் ஓடினேன்.

ஓடைக்கரையில் வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மகளுக்குப் புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம். அவனுக்கு வலது கை மணிக்கட்டு தொங்கிப் போயிருந்தது. வண்டி சாய்கிறபோது அவள் தலைக்கு நேராக இருந்த குழாயைக் கையால் மறைத்திருக்கிறான். குழாய்க்கும் கரைக்கும் நடுவில் கை மாட்டிவிட்டது. அந்தக் கை இல்லாவிட்டால் என் பிள்ளையின் தலை. பக்கத்துக் காட்டுக்காரர் காரில் இரண்டு பேரையும் ஏற்றினார்கள், மனைவியும் ஏறினாள். நான் ஏறவில்லை. "நீங்க போங்க, வண்டியப் பாத்துட்டுப் பின்னாலயே வாரேன்" என்றேன்.

பெற்ற மகள் ரத்தத்தோடு போகிறாள், நான் வண்டியைப் பார்க்க நிற்கிறேன். பழக்கம் என்று அப்போது என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பழக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்குள் ஏற்கெனவே உதைத்துக்கொண்டுதான் இருந்தது. அந்தரத்தில் நின்ற இடது முன்சக்கரத்தைப் பார்த்தேன். நட்டைக் காணோம். டை ராடு கழன்று தொங்கியது. அறுந்த கம்பி ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷப் பரிசோதனை வேண்டாம், பார்த்த உடனே தெரிந்துவிட்டது. வேறு யார் வண்டியாவது இருந்தால் போட்டோ எடுத்து, 'பராமரிப்புக் குறைபாடு' என்று எழுதியிருப்பேன். நான் அந்தக் கம்பியைப் பிடுங்கிப் பருத்திக்காட்டுக்குள் வீசினேன்.

ஆஸ்பத்திரியில் மகளுக்கு இரண்டு தையல். மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"வண்டியப் பாத்தீகள்ல? என்னங்க ஆச்சு? ஸ்டியரிங் கேக்கலைங்கிறான் இவன்."

மச்சினன் கட்டிலில் படுத்திருந்தான். கையில் கட்டு. அவனும் என்னைத்தான் பார்த்தான்.

"கொஞ்சம் வேகமாப் போயிருப்பான் போல" என்றேன்.

அவ்வளவுதான். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் தம்பிக்காகச் சண்டை போட்டிருப்பாள். சொன்னது நான். ஊரிலிருக்கிற வண்டிக்கெல்லாம் தீர்ப்பு எழுதுகிறவன். அவள் தம்பி பக்கம் திரும்பி, "பொய் வேற சொல்றியாடா?" என்று கேட்டாள். அவன் என் முகத்தைப் பார்த்தபடியே இருந்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "எம் புள்ள உசுரோட வெளையாடுனவன் மடியில அவள உக்கார வைக்க மாட்டேன். சித்தப்பா மகன் துபாய்லருந்து வாரான், அவன் உக்காரட்டும்." கேட்கிறவர்களுக்குச் சொல்லக் காரணமும் கைவசம் இருந்தது. கையில் கட்டோடு எப்படிப் பிள்ளையைப் பிடிப்பான்? எல்லாரும் சரிதான் என்றார்கள். பத்திரிகையில் மட்டும் தாய்மாமன் என்ற இடத்தில் அவன் பெயர் அப்படியே இருந்தது. மூன்று வாரமும் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் சாப்பிட்டேன், தூங்கினேன், ஆபீஸ் போனேன். மனுஷன் எதையும் தாங்குவான் போலிருக்கிறது, அது அடுத்தவன் தலையில் விழுந்தால்.

காது குத்து அன்றைக்கு அவன் சீர்த்தட்டுகளோடு வந்தான். உறவுக்காரப் பெண்கள் ஆளுக்கொரு தட்டு தூக்கி வர, தோட்டை மட்டும் அவனே இடது கையில் வைத்திருந்தான். மனைவி வாங்கிக்கொண்டாள், வாவென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளுக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசிக் கொண்டுவந்தார்கள். மணையில் துபாய்க்காரன் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் மகள் கத்த ஆரம்பித்தாள்.

"இவுக வேணாம்! எங்க மாமா மடியில உக்காரணும்! மாமா!"

மச்சினன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். ஓர் அடி முன்னால் வந்தான். மனைவி நிமிர்ந்து பார்த்ததும் நின்றுவிட்டான். ஆசாரி ஊசியைப் பிடித்தபடி காத்திருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அப்பன் நான்தானே. வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"நேரமாகுது, குத்துங்க."

பந்தி நடக்கிறபோது அவனைத் தேடிப் போனேன். தண்ணீர்த் தொட்டி பக்கம் தனியாக நின்றான்.

"மாப்ள, வேகம் இல்லடா. டை ராடு கழண்டுச்சு. நான் கட்டுன கம்பி."

"தெரியும் மச்சான்."

அவன் சாதாரணமாகத்தான் பேசினான்.

"பாப்பாவத் தூக்கிட்டு வெளிய வந்தப்ப அந்தச் சக்கரம் எம் மூஞ்சிக்கு நேராத்தான் நின்னுச்சு. கம்பி அந்து ஆடிக்கிட்டுக் கெடந்துச்சு. மூணா நாளு வந்து பாத்தேன். கம்பியக் காணோம்."

"அப்பறம் ஏண்டா வாயத் தெறக்கல?" என்று கத்தினேன். பாருங்கள், எனக்குக் கோபம் வருகிறது! எந்த முகத்தை வைத்துக்கொண்டு?

"நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன். ஆசாரி ஊசிய எடுக்குற வரைக்கும் இருந்தேன் மச்சான்." தொட்டியிலிருந்து தண்ணீர் அள்ளி முகத்தைக் கழுவினான். "இனிமே அக்காகிட்டச் சொல்லாதீக. தம்பிய இப்படிப் பண்ணிட்டமேன்னு அது உக்காந்து அழும். காது ஒருவாட்டிதான குத்த முடியும்."

அவன் கேட்டுக்கொண்டது எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று! அதை நினைத்தால்தான் இன்னமும் உடம்பு கூசுகிறது. 'அவனே சொல்லாதே என்கிறான்' என்று நாலு மாதம் ஓட்டினேன். வண்டியைத் தனியாகப் போய்ச் சரிபண்ணினேன். புது டை ராடு, புது நட்டு, குறுக்கே ஸ்பிளிட் பின். எல்லாச் சக்கரத்திலும் இருந்த பின்னைக்கூடப் பிடுங்கிவிட்டுப் புதிது போட்டேன். அந்தப் பக்கமாக அவன் வந்தான், டீ கொடுத்தான், வண்டியில் ஏறவில்லை. மனைவி இத்தனை நாளில் தம்பிக்கு ஒரு போன் போடவில்லை. அவன் கை கோணலாகக் கூடியிருப்பதும் மூட்டை தூக்க முடியாததும் அவளுக்குத் தெரியாது.

போன வாரம், காலையில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாருகிற அளவுக்கு முடி வளர்ந்திருந்தது. திடீரென்று, "அந்த வண்டிய வித்துருங்க" என்றாள். "அவன் கையில இருந்தா என்னைக்காச்சும் யாரையாச்சும் கொன்னுருவான்."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. மகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு வந்து சொன்னேன். கம்பி, பருத்திக்காடு, தண்ணீர்த்தொட்டி, ஒன்றையும் விடவில்லை. அடிப்பாள், தட்டை எறிவாள் என்று எதிர்பார்த்தேன். எதுவும் இல்லை. என்னைப் பார்க்காமலே ஒன்று கேட்டாள்.

"பாப்பா மாமா மாமான்னு கத்துனப்ப உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள். அவசரத்தில் ஸ்பீக்கரும் சேர்ந்து அமுங்கிவிட்டது. ஒரே மணியில் எடுத்துவிட்டான்.

"அக்கா? அக்காவா? என்னக்கா, பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?"

அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். மறுமுனையில் அவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மச்சான் சொல்லிட்டாகளா?"