ஐசி எண் கட்டத்தில் ஒரு கோடு

வருகைப் பதிவேட்டில் பெயரையும் நேரத்தையும் எழுதிவிட்டு, ஐசி எனும் அடையாள அட்டையின் எண் கேட்கும் கட்டத்தில் பரஞ்சோதி ஒரு கோடு போடுகிறார். அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேரான கோடு. இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் குருண் நூலகத்தில் போட்டுப் பழகிய கை.

கணினியைத் தொடுமுன் உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார். எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டும் கைகள். முள் ஏறிய இடங்கள் கறுத்திருக்கும். தட்டுவது ஒற்றை விரல்தான். பழைய தோட்ட ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை ஒரு பல்கலைக்கழகம் ஆய்வுக்காகத் திரட்டி வைத்திருக்கும் தரவுத்தளம் திரையில் விரியும். ஐம்பத்தேழு வயதுக்காரருக்கு அதில் வேண்டியது ஒரே ஒரு வரி: தாம் பிறந்த வரி. பிறப்புப் பத்திரம் இல்லை. குடியுரிமை மனு இரண்டு முறை திரும்பிவிட்டது. இந்த நாட்டில் பிறந்ததற்கு ஆஸ்பத்திரிப் பதிவின் நகலை இம்மாதக் கடைசிக்குள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

தேடும் விதத்தை நூலகப் பணியாளர் அனீசா சொல்லிக்கொடுத்தாள். அவர் அதைத் தம் பேச்சுக்கு மாற்றிக்கொண்டார்.

“நட்சத்திரம் போட்டா வால் எப்படி இருந்தாலும் புடிச்சிட்டு வந்துரும். ‘அண்ட்’ போட்டா ரெண்டும் ஒண்ணா இருக்கணும். ‘ஓர்’னா ஏதாச்சும் ஒண்ணு போதும். ‘நாட்’ போட்டா என்னைய மாதிரிலா, வெளியவே நிறுத்திரும்.”

அன்றும் அம்மா பிச்சையம்மாளின் பெயர், ஓர் ‘அண்ட்’, சுங்கை லாலாங். அப்பா ரப்பர்ப் பால் மரம் வெட்டிய தோட்டம் அங்கே. பரஞ்சோதி வளர்ந்ததும் அங்கேதான். பதிவுகள்: பூஜ்யம்.

“பரவால்ல, சும்மாதான் பாத்தேன்” என்று திரைக்கே சமாதானம் சொன்னார்.

பேறுகால விடுப்பு முடிந்து அன்றுதான் அனீசா வேலைக்கு வந்திருந்தாள்.

“புள்ள நம்ம ஆஸ்பத்திரியிலதான பொறந்துச்சு?”

“இல்ல அங்கிள், அலோர் ஸ்டார்ல. மொதப் புள்ளயாச்சே, உம்மா வீட்டுக்குத்தான் போனேன்.”

விரல் விசைமேல் நின்றுவிட்டது. அவரும் முதல் பிள்ளை. அம்மாவின் தாய்வீடு லூனாஸ். ஒன்பது வயதிலேயே அம்மாவை இழந்தவருக்குப் பிறந்த கதையை எடுத்துச் சொல்ல ஆளில்லை, அப்பாவும் பேசியதில்லை. வளர்ந்த இடத்தையே பிறந்த இடமாக நினைத்துவிட்டார். இரண்டு வருடமாக அந்த ‘அண்ட்’தான் அவரை வெளியே தள்ளியிருக்கிறது.

சுங்கை லாலாங்கை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். லூனாஸ் என்று அடித்தார்.

ஒரு பதிவு.

ஏழு இலக்கப் பதிவு எண். தாய் பிச்சையம்மாள். தகப்பன் பழனியாண்டி. ஆண் குழந்தை. வருடமும் சரி. அனீசா எழுந்தோடி வந்தாள். பதிவைத் திறந்தார். கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: பெயர்ப்பட்டியல் மட்டுமே எஞ்சியுள்ளது, பதிவேட்டுப் பக்கங்கள் கரையான் அரித்து அழிந்தன, நகல் இல்லை.

“இந்தத் திரைய அப்படியே பிரிண்ட் எடுத்துக் குடுத்தா ஒத்துக்க மாட்டாங்களாம்மா?”

“உங்களப் போலவே மனு போட்ட தேவகியக்கா குடுத்துப் பாத்தாங்க அங்கிள். பக்கத்தோட நகல்தான் வேணும்னு திருப்பிட்டாங்க.”

“ரெண்டு வருசமா வேற தோட்டத்துல போயி என்னையத் தேடிருக்கேன் பாரு.”

சிரித்தார். அனீசா சிரிக்கவில்லை.

வாசலில் பதிவேட்டை இழுத்து, வெளியேறும் நேரத்தை எழுதினார். காலையில் போட்ட கோடு கண்ணில் பட்டது. அதற்கு மேலே, திரையில் பார்த்த பதிவு எண்ணின் ஏழு இலக்கங்களையும் கட்டத்துக்குள் அடங்கும்படி பொடியாக எழுதினார். பிறகு அந்த எண்ணின்மேலும் ஒரு கோடு இழுத்தார். அதுவும் நேராகத்தான் இருந்தது.