தார்ப்பாய்க்குள் சிங்கம்

வண்டலூர் ஜூவில் சிங்கம் வளர்ப்பதே கிறிஸ்தவர்களைப் பிடித்துப் போடுவதற்காகத்தான் என்று எட்டு வயதில் நான் உறுதியாக நம்பினேன். தப்பு என்னுடையது மட்டுமல்ல. ரோமாபுரியில் விசுவாசிகளைச் சிங்கத்துக்குப் போட்ட கதையை ஞாயிறு பள்ளி டீச்சர் சொன்ன அதே மாதம்தான் பள்ளிக்கூடத்தில் எங்களை வண்டலூருக்கு டூர் கூட்டிப்போனார்கள். அங்கே தூங்கிக்கொண்டிருந்த சிங்கம் ஒன்று ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. என்னை மட்டும். ஆளைக் குறித்துவைத்துக்கொண்டது என்றே நினைத்தேன்.

அப்பா ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து பெரியப்பா எங்களோடு பேசுவதில்லை. சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். மீன் ஏற்றும் டெம்போ ஒன்றும் வைத்திருந்தார். குருத்தோலை ஞாயிறு பவனி தன் தெரு வழியாக வரக்கூடாது, வந்தால் நடப்பதே வேறு என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போய்விடலாமே என்றார்கள் சபையில் சிலர். நான் அந்தக் கட்சி. அம்மா ஒப்பவில்லை.

"போன வருசம் போன தெருதான? இந்த வருசம் இன்னா, கால் சூம்பிப் போச்சா?"

ஞாயிறு காலை ஓலைகளைப் பிடித்து ஓசன்னா பாடிக்கொண்டே தெருவுக்குள் திரும்பினோம். நடுவே, இரண்டு பக்கச் சுவரையும் முட்டிக்கொண்டு டெம்போ குறுக்கே நின்றது. பின்பக்கம் முழுக்கத் தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டியிருந்தது. உள்ளே என்ன என்று வேறு யாரும் யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. கவிச்சி வாடை வேறு அடித்தது. அது மீன் வண்டி என்பதெல்லாம் பயத்தில் மறந்தே போயிற்று. வண்டலூரிலிருந்து செங்கல்பட்டு வழியாக, அவ்வளவு தூரம் என்னைத் தேடி வந்திருக்கிறது!

கைலியை மடித்துக் கட்டி நின்ற பெரியப்பா, அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார். "பெத்தவங்க கும்புட்ட சாமிய வுட்டுட்டுப் போனவனுக்கு இந்தத் தெருவுல இன்னாடா வேல? திரும்பிப் போ."

அப்பா டெம்போவுக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஓட்டு வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் முன்னால் போனாள்.

"மாமா, அவரு பொறந்த வூடு இந்தத் தெருவுலதான் கீது. வண்டிய எடுங்க."

"எடுக்க மாட்டேன். இன்னா பண்ணுவ?"

"எடுக்காதீங்க. நாங்க ஏறிப் போறோம்."

சொன்னவள் கயிற்றை அவிழ்த்தாள். தார்ப்பாயைப் புரட்டித் தள்ளி, புடவையை இடுப்பில் செருகி, டயரில் கால்வைத்து ஏறியே விட்டாள். ஏறிய கையோடு குனிந்து என்னைத் தூக்கினாள். பெற்ற தாயே போடுகிறாளே! கண்களை இறுக மூடிக்கொண்டு "ஓசன்னா!" என்று அலறினேன். சத்தத்துக்குச் சிங்கம் மிரளாதா என்ற நப்பாசைதான். பின்னால் நின்றவர்களுக்கு அந்த அலறலில் ஆவேசம் வந்துவிட்டது. என்னைவிடச் சத்தமாகப் பாடியபடி ஒவ்வொருவராக ஏறி அந்தப் பக்கம் குதித்தார்கள். முடியாதவர்களைத் தூக்கிவிட்டார்கள். பெரியப்பா கத்திக்கொண்டே இருந்தார். பாட்டுச் சத்தத்தில் அது கேட்கவில்லை. என் விசுவாசத்தைப் போதகர் பல வருடம் பிரசங்கத்தில் உதாரணம் காட்டினார். நானும் மறுக்கவில்லை.

அப்பா கடைசியாக ஏறி இறங்கினார். தான் பிறந்த அந்த ஓட்டு வீட்டைத் தாண்டும்போது அதன் கதவு சாத்தியிருந்தது. அங்கே மட்டும் அவர் குரல் ஏன் எல்லோரையும் மீறி உயர்ந்தது என்று எனக்கு அன்று புரியவில்லை.

வண்டிக்குள் இருந்தது காலி மீன் கூடைகளும் உருகிய ஐஸும்தான். அடுத்த வருடமும் பெரியப்பா டெம்போவைக் குறுக்கே நிறுத்தினார். அடுத்த வருடமும் ஏறித்தான் போனோம்.